மினி டிராக்டருக்கு முன்பாரம்: எதற்கு, எவ்வளவு, எங்கே?

தெலுக் இந்தான் பக்கம் செம்பனைத் தோட்டங்களில் மினி டிராக்டர் ஓட்டுகிற யாரிடமாவது, "வண்டிக்கு முன்னுக்கு எதுக்கு இந்த இரும்புத் துண்டுகள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் "பிடிமானத்துக்கு" என்பார். இன்னொருவர் "கவிழாமல் இருக்க" என்பார். மூன்றாவது ஆள் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே, "அதெல்லாம் கடைக்காரன் காசு பார்க்கிற வேலை லா, ஹைட்ராலிக் தூக்கினால் போதும்" என்று பேச்சை முடித்துவிடுவார். முதல் இரண்டு பதிலும் பாதி சரி. மூன்றாவதை நம்பித்தான் எங்கள் மாமா பத்து வருடம் வண்டி ஓட்டினார்.

எனக்கு அப்போது 18 வயது இருக்கும். மாமாவின் 5 ஏக்கரில் உரம் போடுகிற நாள். டிராக்டரின் பின்னால் உரம் தூவும் இயந்திரம். அதில் 50 கிலோ மூட்டை ஆறைப் பிரித்துக் கொட்டியாயிற்று. காணுக்கு, அதாவது வடிகாலுக்கு, குறுக்கே போட்டிருந்த மண்வரப்பில் வண்டி ஏறியபோது முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு ஒரு சாண் எழும்பின. எழும்பின என்றுகூடச் சொல்ல முடியாது, அப்படியே மிதந்தன. மாமா ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடிக்கிறார், சக்கரமும் திரும்புகிறது, வண்டி மட்டும் நேராகக் காணைப் பார்த்துப் போகிறது. கிளட்சை மிதித்து நிறுத்தினார். முன்பக்கம் 'தொப்'பென்று விழுந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, முன்னுக்கு ஏறி உக்காருடா. உன் வெயிட் போதும்."

நானும் போனட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கு வேலை முடிந்தது. மாமா சொன்னதில் கணக்கு சரிதான் என்பதும், அந்தச் சரியான கணக்குதான் இதில் ஆபத்தே என்பதும் ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அந்தக் கணக்கைத்தான் இங்கே அடியிலிருந்து சொல்லப் போகிறேன். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

மாட்டுவண்டிக்காரருக்குத் தெரிந்தது

முன்பாரம், பின்பாரம் என்ற சொற்களை டிராக்டர்காரர்கள் புதிதாக உண்டாக்கவில்லை. அவை மாட்டுவண்டிக்காலத்துச் சொற்கள். இரண்டு சக்கர வண்டியில் மூட்டைகளைப் பின்னால் அடுக்கினால் நுகத்தடி மேலே போய் மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். அதுதான் பின்பாரம். முன்னால் அடுக்கினால் நுகம் மாட்டின் கழுத்தை அமுக்கும். அது முன்பாரம். வண்டிக்காரர் மூட்டைகளைக் கூட்டவோ குறைக்கவோ மாட்டார். ஒரு மூட்டையை முன்னே தள்ளுவார், அல்லது தானே ஏர்க்கால் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொள்வார். மொத்த எடை அதேதான், ஆனால் வண்டி அடங்கிவிடும்.

ரப்பர் தோட்டத்தில் பால் சுமந்தவர்களுக்கும் இது தெரியும். என் பாட்டி காண்டாக் கம்பைத் தோளில் போட்டு, இரு முனையிலும் வாளி தொங்க நடந்தவர். ஒரு வாளியில் பால் குறைவாக இருந்தால், அடுத்த வாளியிலிருந்து ஊற்றிச் சரிசெய்துகொண்டு நிற்க மாட்டார். கம்பைத் தோளில் கொஞ்சம் நகர்த்துவார், அவ்வளவுதான். குறைந்த வாளி இருக்கிற பக்கம் கம்பு நீளும். நிறைந்த வாளிப் பக்கம் குறுகும். இரண்டும் சமமாகிவிடும்.

இந்த நகர்த்தலுக்குள்தான் முழு விஷயமும் இருக்கிறது. ஒரு பொருள் எவ்வளவு எடை என்பது பாதிதான். அது தோளிலிருந்து எவ்வளவு தூரத்தில் தொங்குகிறது என்பது மீதிப் பாதி. எடையையும் தூரத்தையும் பெருக்கினால் கிடைப்பதற்குத் திருப்புத்திறன் என்று பெயர். கம்பைத் தாங்குகிற தோள் ஊன்றுமையம். 10 கிலோ ஒரு மீட்டர் தூரத்தில் தொங்குவதும், 20 கிலோ அரை மீட்டரில் தொங்குவதும் தோளுக்கு ஒரே திருப்புத்திறன்தான்.

டிராக்டருக்குத் தோள் எது?

டிராக்டரில் அந்தத் தோள், பின்சக்கரத்தின் அச்சு. பின்னால் மாட்டிய கருவி ஒரு வாளி. இஞ்சின், முன்சக்கரம், ரேடியேட்டர் எல்லாம் சேர்ந்து மறு வாளி. பின்வாளி கனத்தால் முன்வாளி எழும்பும். மாமா வரப்பில் ஏறியபோது நடந்தது இதுதான், வேறு மாயம் எதுவும் இல்லை.

பின்னால் மாட்டுகிறோம் என்றேன். எதில் மாட்டுகிறோம்? கீழே இரண்டு கை, மேலே ஒரு கை, ஆக மூன்று இடத்தில் கருவியைப் பிடிக்கும் அமைப்பு. தோட்டத்தில் இதை 'த்ரீ பாயிண்ட்' என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்கூசன் உருவாக்கியது. 1939-இல் வந்த போர்ட் 9என் டிராக்டரோடு உலகம் முழுக்கப் பரவியது. அதற்கு முன்பு ஏரை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்தார்கள். ஏர் பாறையில் மாட்டினால் டிராக்டர் குதிரை மாதிரி முன்னங்காலைத் தூக்கிப் பின்னால் விழுந்தது. பெர்கூசன் அமைப்பில் ஏர் எதிலாவது மாட்டிக்கொண்டால் மேல்கை டிராக்டரை முன்னோக்கித் தள்ளி மூக்கைக் கீழே அழுத்தும். நல்ல மூளை.

ஆனால் கருவி மண்ணுக்குள் இருக்கும் வரைதான் இந்தப் பாதுகாப்பு. கருவியை மேலே தூக்கி வண்டியை நகர்த்தும்போது அதன் முழு எடையும் பின்னச்சுக்கும் பின்னால் அந்தரத்தில் தொங்குகிறது. "உழும்போது ஒன்றும் ஆகவில்லை, வீட்டுக்குத் திரும்பும்போது தூக்கியது" என்று பலர் சொல்வது இதனால்தான்.

இன்னொரு சொல்லையும் பார்த்துவிடலாம். ஈர்ப்பு மையம் என்றால் ஒரு பொருளின் மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் ஒரு புள்ளி. இதற்கு எங்கள் ஊரான தெலுக் இந்தானிலேயே ஒரு சாட்சி நிற்கிறது. 1885-இல் கட்டிய சாய்ந்த கோபுரம். அடியில் மென்மையான மண், மேலே தண்ணீர்த் தொட்டியின் பாரம், அதனால் சாய்ந்தது. சாய்ந்தும் ஏன் விழவில்லை? அதன் ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழே ஒரு நூல் குண்டைத் தொங்கவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குண்டு இன்னும் கோபுரத்தின் அடித்தளத்துக்குள்ளேதான் நிற்கும். வெளியே போயிருந்தால் நாம் அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க மாட்டோம்.

டிராக்டருக்கும் அதே நூல்தான். அடித்தளம் மட்டும் நான்கு சக்கரங்களுக்கு நடுவில் இருக்கிற இடம். பின்னால் கனமான கருவியைத் தூக்கினால், வண்டியும் கருவியும் சேர்ந்த ஈர்ப்பு மையம் பின்னோக்கி நகரும். மேட்டில் ஏறினால் நூல் இன்னும் பின்னே போகும். பின்னச்சைத் தாண்டியதும் வண்டி உட்கார்ந்துவிடும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பின்னச்சுதான் தோள். பின்னால் தொங்கும் கருவி முன்பக்கத்தை எழுப்பப் பார்க்கும். எவ்வளவு எழுப்பும் என்பதை எடையும் தூரமும் சேர்ந்து முடிவு செய்யும்.

மாமாவின் வண்டியைக் கணக்கில் போடுவோம்

எண்களை முழுசாக்கிக்கொள்கிறேன். டிராக்டர் 1,200 கிலோ. கருவி எதுவும் மாட்டாதபோது முன்சக்கரங்கள் தாங்குவது 480 கிலோ, பின்சக்கரங்கள் 720 கிலோ. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் உள்ள தூரம் 1.6 மீட்டர். உரம் தூவும் இயந்திரம் வெறுமனே 100 கிலோ, ஆறு மூட்டை உரம் 300 கிலோ, மொத்தம் 400. அதன் ஈர்ப்பு மையம் பின்னச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால்.

பின்பக்கத் திருப்புத்திறன் 400-ஐ 1.2-ஆல் பெருக்க 480. இதை ஈடுகட்ட 1.6 மீட்டர் தள்ளியிருக்கும் முன்சக்கரத்திலிருந்து எவ்வளவு எடை பறிபோகும்? 480-ஐ 1.6-ஆல் வகுக்க 300. ஆக முன்சக்கரத்தில் மிஞ்சுவது 180 கிலோதான்.

பறிபோன 300 கிலோ எங்கே போயிற்று? பின்சக்கரத்துக்கு. கருவியின் 400, முன்னாலிருந்து வந்த 300, ஆக 700 கிலோ கூடுதல். பலர் வாயைப் பிளக்கிற இடம் இதுதான். மாட்டியது 400, பின்னச்சுக்கு ஏறியது 700. பின்டயர் சப்பையாகத் தெரிகிறதே என்று காற்றடிக்கிறவர்கள் இந்த 700-ஐ யோசிப்பதே இல்லை.

சரி, 180 கிலோ முன்னால் இருக்கிறதே, சக்கரம் தரையில்தானே இருக்கிறது, என்ன குறை? சமதளத்தில் அசையாமல் நிற்கிற வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. ஓடுகிற வண்டிக்குத்தான் சிக்கல். குழியில் இறங்கி ஏறும்போது பின்னால் தொங்குகிற கருவி ஊஞ்சல் மாதிரி குதிக்கும். குதித்து இறங்குகிற அந்த நொடியில் 400 கிலோ, 400 கிலோவாக இருக்காது. வரப்பில் ஏறினால் நூல் பின்னே போகும். அதோடு கிளட்சைப் படக்கென்று விட்டால் வேறொன்றும் நடக்கும். கேஸ் தோம்பைப் பின்னால் கட்டிய மோட்டார் சைக்கிளை மேட்டில் நிறுத்திவிட்டு முறுக்கிப் பாருங்கள், முன்சக்கரம் எழும்பும். இஞ்சின் சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றுகிறது. சக்கரம் மண்ணில் மாட்டிக்கொண்டு சுற்ற முடியாமல் போனால், அதே விசை வண்டியின் உடம்பைச் சக்கரத்தைச் சுற்றிப் பின்பக்கமாகச் சுழற்றப் பார்க்கும்.

அந்த 180 கிலோவை இந்த மூன்றும் சேர்ந்துதான் தின்கின்றன. சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தாலும், அதை அழுத்திப் பிடிக்க எடை இல்லாவிட்டால் ஸ்டீயரிங் வெறும் அலங்காரம். பிரேக்கும் அப்படித்தான். பல மினி டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டால் முன்சக்கரமும் நிறுத்துவதில் சேர்ந்துகொள்ளும், ஆனால் முன்னால் பாரம் இருந்தால்தான்.

ஐந்தில் ஒரு பங்கு

டிராக்டர் கையேடுகளில் பரவலாகச் சொல்லப்படும் அளவு இது: கருவியைத் தூக்கிய நிலையில், டிராக்டரின் வெறும் எடையில் குறைந்தது 20 விழுக்காடாவது முன்னச்சில் இருக்க வேண்டும். 1,200 கிலோ வண்டிக்கு 240 கிலோ. மாமாவின் வண்டியில் இருந்தது 180. 60 கிலோ குறை.

இங்கேதான் முன்பாரம் வருகிறது. டிராக்டரின் மூக்கில், முன்னச்சுக்கும் முன்னால் மாட்டுகிற எடைக்கு அதுதான் பெயர். அது முன்னச்சைவிடத் தள்ளித் தொங்குவதால் தன் எடையைவிடக் கூடுதலாக வேலை செய்யும். நம் கணக்கில் முன்னச்சுக்கு 60 சென்டிமீட்டர் முன்னால் மாட்டுகிறோம் என்று வையுங்கள். தோளிலிருந்து, அதாவது பின்னச்சிலிருந்து, 1.6-ம் 0.6-ம் சேர்ந்து 2.2 மீட்டர். அங்கே வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தில் 2.2-ஐ 1.6-ஆல் வகுத்த அளவு, சுமார் 1.4 கிலோவாக அழுத்தும். 60 கிலோ குறையைத் தீர்க்க 44 கிலோ போதும். 25 கிலோத் தட்டு இரண்டு மாட்டினால் முன்னச்சு 249 கிலோவுக்கு வந்துவிடும்.

இப்போது போனட்டின் மேல் உட்கார்ந்திருந்த பையனைப் பாருங்கள். எனக்கு அன்றைக்கு 55 கிலோ. கிட்டத்தட்ட முன்னச்சுக்கு நேர்மேலே உட்கார்ந்திருந்தேன். அதனால் 55-ம் அப்படியே முன்சக்கரத்துக்கு. 180-ம் 55-ம் 235. ஐந்தில் ஒரு பங்குக்கு 5 கிலோதான் குறைவு! மாமாவின் கண்மதிப்பு அவ்வளவு துல்லியம். ஆனால் இரும்புத் தட்டு ஆணியடித்த மாதிரி நிற்கும். பையன் நிற்க மாட்டான். வண்டி குலுங்கும்போது அவன் நழுவினால் விழுவது முன்சக்கரத்துக்கு முன்னால்தான். அவன் விழுந்த அதே நொடியில் வண்டியின் மூக்கும் எழும்பும், ஓட்டுநரால் ஒதுக்கித் திருப்பவும் முடியாது. இதை நான் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இதுவரை: வண்டியின் வெறும் எடையில் ஐந்தில் ஒரு பங்கு முன்சக்கரத்தில் இருக்க வேண்டும். குறைகிறதை, முடிந்தவரை முன்னே தள்ளி மாட்டும் எடையால் நிரப்புகிறோம். முன்னே போகப் போகக் குறைந்த இரும்பு போதும்.

என்னத்தை மாட்டுவது?

நல்ல வழி, வண்டி செய்தவர்களே விற்கும் தட்டு எடைகள். கைப்பிடியோடு சின்னப் பெட்டி போல இருப்பதால் 'சூட்கேஸ் வெயிட்' என்பார்கள். முன்னால் ஒரு இரும்புச் சட்டத்தைப் போல்ட் போட்டு இறுக்கி, தட்டுகளை அதில் கொக்கி போல மாட்டி, குறுக்கே ஒரு கம்பியைச் செருகிப் பூட்டிவிடலாம். வேண்டாதபோது ஒவ்வொன்றாகக் கழற்றலாம். விலை கொஞ்சம் உறுத்தும், மறுக்கவில்லை.

அதனால் நம் ஆட்கள் சொந்தமாகச் செய்வார்கள். 20 லிட்டர் பெயின்ட் டின்னில் கான்கிரீட் ஊற்றினால் சுமார் 48 கிலோ வரும். அதே டின்னில் தண்ணீர் 20 கிலோதான். கான்கிரீட்டில் தப்பே இல்லை, எடைக்குச் சாதி கிடையாது. தப்பு மாட்டுகிற விதத்தில்தான் வருகிறது. நான் பார்த்த ஒரு வண்டியில் டின்னை ராப்பியா கயிற்றால் விளக்குக் கம்பியில் கட்டியிருந்தார்கள். அது அறுந்தால் முன்சக்கரத்துக்கடியில்தான் போய் உருளும். கான்கிரீட் ஊற்றும்போதே உள்ளே தடித்த கம்பியையோ குழாயையோ பதித்து, வண்டியின் முன்சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்க வழி வைத்துக்கொண்டால் போதும். கிரில், பம்பர்த் தகடு, விளக்குக் கம்பி இவையெல்லாம் எடை தாங்கச் செய்தவையே அல்ல.

முன்டயரில் தண்ணீர் நிரப்புவதும் உண்டு. குளிர் நாடுகளில் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் உப்புக் கரைசல் ஊற்றுவார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை, வெறும் தண்ணீரே போதும். வால்வை உச்சியில் நிறுத்தி அந்த மட்டம் வரை நிரப்பினால் டயரில் முக்கால் பங்கு தண்ணீர், கால் பங்கு காற்று. இதில் தண்ணீர் தன் எடைக்கு மட்டும்தான் வேலை செய்யும், ஏனென்றால் அது முன்னச்சிலேயே இருக்கிறது, முன்னே தள்ளி இல்லை. அப்புறம் பஞ்சர் ஒட்டுகிறவர் உங்களைத் திட்டுவார். தண்ணீர் நின்றால் ரிம் உள்ளே துருப்பிடிக்கும், நினைவில் வையுங்கள்.

கடைப்பேச்சில் குழம்புகிற நான்கு இடம்

"பின்டயரில் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன், முன்னுக்கு வேண்டாம்." பின்டயரின் எடை தோளின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. தூரம் பூஜ்யம், அதனால் திருப்புத்திறனும் பூஜ்யம். பக்கவாட்டில் சாயாமல் இருக்க அது உதவும், மண்ணைப் பிடிக்கவும் உதவும். மூக்கு எழும்புவதை ஒரு கிலோகூடக் குறைக்காது.

"முன்னால் மண்வாரி மாட்டியிருக்கிறேன், அதற்கும் முன்பாரம் போடணும்." இது நேர்தலைகீழ். முன்னால் வாளியில் மண்ணைத் தூக்கினால் தோள் முன்னச்சுக்கு மாறிவிடுகிறது. இப்போது எழும்பப் பார்ப்பது பின்பக்கம். அதனால் பாரத்தைப் பின்னால் போட வேண்டும். த்ரீ பாயிண்டில் கான்கிரீட் பெட்டியோ கனமான புல்வெட்டியோ மாட்டுவது அதற்குத்தான். மண்வாரியில் மண்ணோடு, மூக்கில் தட்டையும் மாட்டி ஓட்டினால் முன்னச்சுக்கு இரட்டைச் சுமை.

"ஹைட்ராலிக் தூக்குதே." ஹைட்ராலிக் என்பது எண்ணெய் அழுத்தத்தால் கருவியைத் தூக்கும் கை. அந்தக் கைக்கு எவ்வளவு வலு என்று கையேட்டில் போட்டிருக்கும். அது கையின் வலு மட்டும்தான். தூக்கியதை வைத்துக்கொண்டு வண்டி நடக்குமா என்பது அதற்குத் தெரியாது. பலசாலி ஒருவன் கனமான மூட்டையைக் கை நீட்டித் தூக்கலாம். தூக்கிய பிறகு அவன் முன்னே சாய்ந்து விழுந்தால் அது கையின் குற்றமா?

"அப்படியானால் நிறையப் போட்டுவிடலாமே." முன்னச்சு எவ்வளவு தாங்கும் என்று அதற்கும் ஓர் எல்லை உண்டு, டயருக்கும் உண்டு. அதைத் தாண்டினால் தாங்கிகள் தேயும். எங்கள் ஊரில் இன்னொரு காரணமும் இருக்கிறது. கடலோரக் களிமண்ணும் கரிமண்ணும் கலந்த பூமி இது. மழை பெய்த மறுநாள் கனத்த வண்டி ஓடினால் தடம் தட்டு மாதிரி இறுகிவிடும், செம்பனை வேருக்குக் காற்று போகாது. கரிமண்ணில் வண்டியே புதையும். கருவியைக் கழற்றிய கையோடு தட்டையும் கழற்றுவதுதான் நல்ல பழக்கம். பலர் ஒரு தடவை மாட்டியதோடு மறந்துவிடுகிறார்கள்.

முன்பாரத்தால் முடியாதது

முன்பாரம் போட்டுவிட்டால் கவிழவே கவிழாது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. காணில் சிக்கிய மரத்தையோ புதைந்த லோரியையோ இழுக்கும்போது சங்கிலியை டிராக்டரின் பின்னச்சிலோ த்ரீ பாயிண்டின் மேல்கையிலோ கட்டினால் எந்த முன்பாரமும் காப்பாற்றாது. கட்டிய இடம் அச்சின் உயரத்திலோ அதற்கு மேலேயோ இருந்தால், இழுக்க இழுக்க மூக்கு எழும்பும். இழுப்பதற்கென்றே அச்சுக்குக் கீழே ஒரு இழுவைக்கம்பி இருக்கிறது, அதில் மட்டும்தான் கட்ட வேண்டும். பின்பக்கமாகக் கவிழும் டிராக்டர், திரும்ப முடியாத கட்டத்தை முக்கால் விநாடியில் எட்டிவிடலாம் என்று வேளாண் பாதுகாப்புக் கையேடுகள் சொல்கின்றன. முக்கால் விநாடியில் நம் கால் கிளட்சைத் தேடிக்கூட முடிக்காது.

பக்கவாட்டுச் சாய்வும் வேறு விஷயம். காண் ஓரம் இடிந்தால் முன்பாரம் உதவாது. அதற்கு ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் நிற்கிற இரும்பு வளைவு, ரோல் பார் என்பது, இருக்கிறது. தாழ்ந்த செம்பனை மட்டைகளில் இடிக்கிறது என்று நம் ஆட்கள் அதை மடக்கி வைத்துக்கொள்வார்கள். நிமிர்த்தி வைத்திருந்தால் இருக்கைப் பட்டை போட்டே ஆக வேண்டும். மடக்கியிருந்தால் பட்டை போடக் கூடாது. வேலை முடிந்து வெளியே வந்ததும் நிமிர்த்திவிட வேண்டும்.

ஓட்டும் விதத்திலும் கொஞ்சம் கையில் இருக்கிறது. கருவியை வரப்பில் தட்டாத அளவுக்கு மட்டும் தூக்கினால் போதும், வானத்துக்குத் தூக்க வேண்டாம். கிளட்சை மெதுவாக விடவும். கனமான கருவியைப் பின்னால் தூக்கிக்கொண்டு செங்குத்தான மேட்டில் ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் ரிவர்ஸில் ஏறலாம். அப்போது கனமான பக்கம் மேட்டைப் பார்த்து இருக்கும், நூல் சக்கரங்களுக்குள்ளேயே விழும். உரம் தூவும் இயந்திரத்தில் ஒரு வசதி உண்டு, போகப் போக எடை குறையும். அதனால் நிறைந்த பெட்டியோடு போகும் முதல் நடைதான் ஆபத்தான நடை. மருந்து தெளிக்கும் தொட்டி அப்படியல்ல. பாதி குறைந்ததும் உள்ளே தண்ணீர் முன்னும் பின்னும் ஆடத் தொடங்கும், அது வேறு ஒரு உதைப்பு.

உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள

கையேட்டில் கணக்கு இருக்கும். கையேடு தொலைந்திருக்கும், அதுவும் தெரியும். கருவியின் ஈர்ப்பு மையத்தை அளக்கிறது சுலபமல்ல. அதைவிட நேரான வழி எடைமேடை. செம்பனை ஆலைக்கு ஆலை லோரி நிறுக்கும் எடைமேடை இருக்கிறது. அனுமதி கேட்டு, கூட்டமில்லாத நேரத்தில் போங்கள். முன்சக்கரம் இரண்டும் மேடையில், பின்சக்கரம் இரண்டும் வெளியே அதே மட்டத்தில். ஓட்டுநர் இருக்கையில் இருக்க வேண்டும், கருவி தூக்கிய நிலையில், பெட்டி நிறைந்திருக்க வேண்டும். பிரேக்கை விட்டுவிட்டு வண்டி அசையாமல் நின்ற பிறகு எண்ணைப் பாருங்கள். வண்டியின் வெறும் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால், தட்டை மாட்டி மறுபடி நிறுங்கள். கருவி மாற்றினால் கணக்கும் மாறும். புல்வெட்டிக்குப் போட்ட தட்டு உரப்பெட்டிக்குப் போதாது.

மாமாவை நான் அங்கே அழைத்துப்போக மூன்று மாதம் ஆனது. கடைசியில் ஒரு சனிக்கிழமை மதியம் வந்தார். வண்டி மட்டும் நின்றபோது முன்சக்கரத்தில் 480. அன்றைக்குப் போலவே ஆறு மூட்டையைக் கொட்டி நிறுத்தபோது 180. மாமா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் வைத்திருந்த இரண்டு தட்டையும் அவரே தூக்கி மாட்டிக் கம்பியைச் செருகினார். 250 வந்தது.

தராசுக் கிராணி கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துக் கேட்டார்: "அண்ணே, மூணு தடவை ஏத்தி இறக்கிட்டீங்க. பழம் எங்க?"